வருஷத்துக்கு ஒரு சால்

அப்பா களவாடினார் என்று எழுத வரவில்லை.
வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுதார்,
அப்படித்தான் எழுத வருகிறது.
நாற்பத்தோரு வருஷம்.
சில வருஷம் மழை பெய்து கெடுத்தது,
சில வருஷம் மனசு கெடுத்திருக்கலாம்.
கழித்துப் பார்த்தால் முப்பது அடி.

வடக்கு மிசூரி. சோயா வயலின் நடுவே
நாலு சீடார் மரம், ஒரு முள்புதர்.
சாலையில் போகிறவர்களுக்கு அது மான் பதுங்குமிடம்.
எங்கள் ஆட்கள் யாரும் அங்கே இல்லை.
பிரெனெக்கேக்கள் நாங்கள்
லூத்தரன் கோயிலுக்குப் பின்னால்
கட்டணம் கட்டி, வரிசையாகப் படுத்திருக்கிறோம்.

இங்கே கிடப்பவர்கள் டார்வாட்டர்கள்.
மாட்டுவண்டியில் வந்து, காடழித்து,
கடன் முற்றி மேற்கே கிளம்பியவர்கள்.
செத்தவர்களுக்கு வண்டியில் இடமில்லை.

போன அக்டோபரில் இடாஹோவிலிருந்து
லெவீனா டார்வாட்டர் வந்து இறங்கினாள்.
முப்பது வருஷம் ஊரார் பல்லைச் சுத்தம் செய்தவள்.
கல்லையும் அப்படியே துலக்கினாள்:
மெத்தென்ற பிரஷ், நிறையத் தண்ணீர்,
மண்ணோடு கல் சேரும் ஈறு வரை, நோகாமல்.
பிளீச் டப்பாவோடு போன என்னை
குழந்தைக்கு மிட்டாய் கொடுக்க வந்தவளைப் போலப் பார்த்தாள்.

முள்ளை வெட்ட நாலு நாள்.
சாய்ந்த கற்களை எல்வின் ஸ்டக்கி
முக்காலி நட்டு, சங்கிலி போட்டுத் தூக்கினார்.
அடியில் சரளை கொட்டி ரசமட்டம் வைத்தோம்.
குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான்
மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

மழுங்கிய கல்லுக்கு லெவீனா கண்ணாடி பிடித்தாள்.
வெயில் பக்கவாட்டில் விழுந்ததும்
எழுத்து எழுந்து உட்கார்ந்தது.
கெசாயா. இரண்டு வருஷம், நாலு மாதம், ஒன்பது நாள்.
நாளைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறார்கள்.

அவளுடைய பைபிள் தாளில் பத்தொன்பது பெயர்.
நின்ற கல் ஏழு.
இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தாள்.
ஒருமுறை தோண்டிய மண் பழையபடி இறுகாதாம்,
எத்தனை காலம் போனாலும்.
வேலிக்குள் நாலு இடத்தில் கம்பி முழங்கை வரை இறங்கியது.
மிச்சம் எட்டு.
அவள் வேலியைத் தாண்டவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்.

டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போன வயசு எனக்கு.
வேலிக்கால் ஒன்றை அப்பா பிடுங்கி
கொஞ்சம் தள்ளி நட்டதைப் பார்த்திருக்கிறேன்.
கலப்பையில் தட்டிய வெள்ளைத் துண்டை
மரத்தடிக்கு வீசி, "சுண்ணாம்புக் கல்" என்றார்.
அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கு
காது இருந்தது, பாதி முகம் இருந்தது,
ஆட்டுக்குட்டி.

கம்பியை வாங்கிக்கொண்டு வேலியைத் தாண்டினேன்.
அறுத்த சோயாத் தாளுக்கு நடுவே
முதல் குத்திலேயே இறங்கிற்று.
எரிவாயுக் குழாய்க்காரர்கள் விட்டுப்போன
ஆரஞ்சுக் கொடிகள் கொட்டகையில் கிடந்தன.
எட்டுக் கொடி நட்டோம்.
லெவீனா ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவு விதைக் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் கணக்கு.
முப்பதடிக்கு எண்பதடி.
ஏக்கரில் பதினெட்டில் ஒரு பங்கு.
நல்ல வருஷத்தில் மூன்று புஷல்.
மூன்று புஷலுக்காகவா, அப்பா?
பேராசை என்றாலாவது புரிந்திருக்கும்.
அவருக்கு வரிசை நேராக ஓட வேண்டும்.
வளைந்த வரிசை கண்ணில் தூசி.
அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஆட்டுக்குட்டியின் மறுபாதி கிடைக்கவில்லை.
இருக்கிற பாதியைக் கெசாயாவின் பக்கத்தில் வைத்தோம்,
அவளுடையதா என்று தெரியாமலே.

மே மாதம் விதைத்தேன்.
டிராக்டர் திரையில் புதுக் கோடு போட்டிருந்தேன்.
கொடிகளைச் சுற்றி வரிசை வயிறு தள்ளி வளைந்தது,
முளைவிட்டதும் சாலையிலிருந்தே தெரிந்தது.
எல்வின் வண்டியை நிறுத்தி ஜன்னலை இறக்கினார்.
"என்ன, கை நடுங்கிருச்சா?"

ஆமாம் என்றேன்.